அண்ணியும் பௌதியும்

பி.காம். படிப்பவனுக்கு தாகூர் வீட்டு விவகாரம் எதற்கு என்று வகுப்பில் ஏற்கனவே கேட்டுவிட்டார்கள். பேரேட்டில் பற்று வரவு எழுதி அலுத்துப்போன நேரத்தில் படித்தது இது. ஒரு குடும்பத்துக்குள் யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பதும் கணக்குதானே என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

விஷயம் அண்ணி. வங்காளத்தில் பௌதி. 'பௌ' என்றால் மருமகள், மணப்பெண். 'தீதி' என்றால் அக்கா. இரண்டையும் ஒட்டினால் பௌதி. நம் ஊர் 'அண்ணி' அண்ணனிலிருந்து பிறந்த சொல். அதாவது வங்காளி அவளை அக்காவாக ஆக்கிக்கொள்கிறான், நாம் அண்ணனுக்குப் பெண்பால் விகுதி போட்டு வைத்திருக்கிறோம். இந்தச் சின்ன வித்தியாசத்தில் நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் வங்காளக் கதை. பலருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லாமல் மேலே போக முடியாது.

1868ல் கல்கத்தாவின் ஜொராசாங்கோ மாளிகைக்கு காதம்பரி தேவி மருமகளாக வந்தார். வயது ஒன்பது. கணவர் ஜோதிரிந்திரநாத்துக்கு 19. கடைசிக் கொழுந்தன் ரவீந்திரநாத்துக்கு ஏழு. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு விளையாட்டுத் துணை யார் என்பது உடனே தெரிந்துவிடும். 1875ல் ரவீந்திரநாத்தின் அம்மா சாரதா தேவி இறந்தபோது, தாயில்லாத பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதும் இதே அண்ணிதான். பிறகு அவர் எழுதிய கவிதைகளுக்கு முதல் வாசகி, முதல் விமரிசகி. ஜோதிரிந்திரநாத் கெட்டவர் இல்லை. நாடகம் எழுதினார், இசை அமைத்தார், படம் வரைந்தார், பின்னாளில் கப்பல் கம்பெனி நடத்தி நஷ்டப்பட்டார். அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் எத்தனை நேரம் இருந்திருப்பார்? குழந்தையும் இல்லை.

1883 டிசம்பர் 9ல் ரவீந்திரநாத்துக்குக் கல்யாணம். 1884 ஏப்ரலில் காதம்பரி அபின் தின்று இறந்துபோனார். 25 வயது நிறையவில்லை. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. ஆனால் ரவீந்திரநாத் அந்தச் சாவை ஒருநாளும் மறக்கவில்லை. புத்தகங்களைச் சமர்ப்பித்தார், பாட்டில் எழுதினார், கிழவரான பிறகு எழுதிய பால்ய நினைவுகளிலும் அண்ணி வருகிறார்.

1901ல் 'நஷ்டநீட்' வந்தது. சிதைந்த கூடு என்று பொருள். பூபதி பத்திரிகை நடத்துகிறான். மனைவி சாரு வீட்டில் தனியாக இருக்கிறாள். பூபதியின் ஒன்றுவிட்ட தம்பி அமல் வந்து சேர்கிறான். இருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ரகசியம் வைத்துக்கொள்கிறார்கள். தனக்குள் என்ன வளர்ந்திருக்கிறது என்று சாருவுக்கே அமல் போன பிறகுதான் தெரிகிறது. 1964ல் சத்யஜித் ராய் இதை 'சாருலதா' என்று எடுத்தார். 1965ல் பெர்லினில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. அந்தப் படத்தில் மாதவி முகர்ஜி ஜன்னல் ஜன்னலாகப் போய் தெருவைப் பைனாகுலரில் பார்க்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

இதை ஒரு மேதையின் சொந்தக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1916ல் வந்த 'கரே பாய்ரே' நாவலிலும் நிகிலேஷுக்கு ஒரு விதவை அண்ணி உண்டு. சிறு வயது முதல் அவனோடு வளர்ந்தவள். அவள் மேல் மனைவி பிமலாவுக்குப் பொறாமை. சரத் சந்திரர் 1914ல் வெளியிட்ட 'ராமேர் சுமதி' வேறு மாதிரி. அதில் நாராயணி என்ற அண்ணி, அடங்காத கொழுந்தன் ராமனைத் தன் பிள்ளையாகவே வளர்க்கிறாள். அவளுடைய சொந்த அம்மா வந்து இருவரையும் பிரிக்கப் பார்க்கிறாள். ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் தோழி, நடுவில் பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்று. வங்காளக் கதைகள் மூன்றையும் ஒரே பெண்ணிடம் வைத்தன.

ஏன் அங்கே மட்டும் இப்படி? காதல் உணர்ச்சி வங்காளிக்கு அதிகம் என்றெல்லாம் சொல்வது சோம்பேறித்தனம். வீட்டின் சட்டதிட்டத்தைப் பார்க்க வேண்டும். மேல்சாதி வங்காள வீட்டில் அந்தப்புரம் தனி. மருமகள் கணவனின் அண்ணன் எதிரில் வரவே கூடாது, பேசவும் கூடாது. பகலில் கணவனோடு உட்கார்ந்து பேசுவதும் மரியாதை இல்லை. வயதில் சின்னவனான கொழுந்தனுக்கு மட்டும் உள்ளேயும் வெளியேயும் போய்வர அனுமதி. கடைத்தெருவுக்குப் போகிறவன் அவன். புதுப் பத்திரிகையும் நாவலும் அந்தப்புரத்துக்குள் வருவது அவன் கையால். அதே தாகூர் வீட்டில், முதல் இந்திய ஐ.சி.எஸ். அதிகாரி சத்யேந்திரநாத்தின் மனைவி ஞானதானந்தினிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் கொழுந்தன் ஹேமேந்திரநாத்தான். ஆக, ஒன்பது வயதில் பிறந்த வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு உலகம் என்பது கொழுந்தன் கொண்டுவந்து கொடுப்பதுதான். அவன் கல்யாணம் ஆகியோ, கப்பல் ஏறியோ போய்விட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். நஷ்டநீட்டில் அமல் கல்யாணம் செய்துகொண்டு சீமைக்குப் போவது தற்செயல் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வங்காள இந்துக்களிடம் மாமன் மகளைக் கட்டும் பழக்கம் இல்லை. மருமகள் முழுக்க முழுக்க அந்நிய வீட்டுப் பெண். அந்த வீட்டில் அவளை முன்பே தெரிந்தவர் யாரும் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு வங்காளம் புதிதா என்ன! 1023 வாக்கில் ராஜேந்திர சோழனின் படை வங்காள தேசத்துக் கோவிந்தசந்திரனையும் மகிபாலனையும் வென்று கங்கை நீரோடு திரும்பிய கதையைச் சொல்லாமல் இங்கே எந்தப் பள்ளி ஆண்டு விழாவும் முடியாது. ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்த அந்தக் குடும்பத்தின் கல்யாணங்களை யாரும் மேடையில் சொல்வதில்லை. எனக்கு அதுதான் சுவாரசியம். ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன், தன் தாய்மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கா தேவியைக் கட்டினான். அவர்கள் மகன்தான் 1070ல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவன் கட்டியது மதுராந்தகியை. அவள் யார்? தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள். அப்பாவும் மாமன் மகள், பிள்ளையும் மாமன் மகள்!

அரண்மனை முதல் குடிசை வரை இங்கே இதுதான் முறை. தேசியக் குடும்ப நல ஆய்வுகளில் சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. மரபணு, குழந்தை ஆரோக்கியம் பற்றி டாக்டர்கள் சொல்வது சரிதான், அது வேறு கட்டுரை. இங்கே நான் கேட்பது, இந்த முறை அண்ணியை என்ன செய்தது என்பது.

சொற்களே பதில் சொல்கின்றன. எங்கள் பக்கம் அண்ணி. மதுரை, நெல்லைப் பக்கம் மதினி. கொங்கில் நங்கை. அக்ரகாரத்தில் மன்னி. யாழ்ப்பாணத்தில் மச்சாள் என்பதும் உண்டு. இதில் மதினியைப் பாருங்கள். அண்ணன் மனைவியும் மதினி, என்னைவிட மூத்த மாமன் மகளும் அத்தை மகளும் மதினி. ஒரே சொல். அண்ணன் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அவள் மதினிதான்!

அமெரிக்கர் லூயிஸ் ஹென்றி மார்கன் என்பவர் உலக மக்களின் உறவுமுறைச் சொற்களைச் சேகரித்து 1871ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். தமிழ்நாட்டில் ஊழியம் செய்த மிஷனரி வழியாக நம் சொற்கள் அவருக்குக் கிடைத்தபோது, தான் ஆராய்ந்துகொண்டிருந்த இரோகுவா செவ்விந்தியர்களின் முறையோடு அவை ஒத்துப்போவதைப் பார்த்து ஆடிப்போனார். பிறகு மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் 1953ல் ஒரு கட்டுரை எழுதினார். திராவிட உறவுமுறைச் சொற்கள் ரத்த சொந்தத்தை மட்டும் சொல்வதில்லை, யார் யாரைக் கட்டலாம் என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கின்றன என்பது அவர் வாதம். அதே 1953ல் ஐராவதி கார்வே தன் நூலில் வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டார். வடக்கில் பெண் அந்நியர் வீட்டுக்குப் போகிறாள். தெற்கில் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய சுவர் இல்லை. மாமியார் என்பவள் பல நேரம் அத்தைதான்.

இங்கே என் யூகத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் அண்ணி மர்மம் இல்லாதவள். மூக்கு ஒழுகிய வயதிலிருந்து பார்த்த மாமன் மகள் ஒருநாள் அண்ணியாக வாசல் படி ஏறுகிறாள். அவளைக் கேலி செய்ய உரிமை உண்டு, அவளுக்கும் உண்டு. மாரியம்மன் திருவிழா கடைசி நாள் மஞ்சத்தண்ணி ஊற்றும்போது முறைக்காரர்கள் யார் யார் என்று பார்த்தால் உறவுமுறைப் பாடம் முழுவதும் தெருவிலேயே நடக்கும். அண்ணிமார்கள் கையில் கொழுந்தன்கள் படும் பாடு சொல்லி மாளாது. 'கேலி உறவு' என்று இதற்குத் தனியாகவே ஒரு தலைப்பு மானிடவியலில் உண்டு. ராட்கிளிஃப் பிரவுன் 1940ல் அதைப் பற்றி எழுதினார். ஊரறியக் கேலி பேசுகிற உறவில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? வங்காளத்தில் ஜன்னலோரத்தில் மௌனமாக வளர்ந்தது இங்கே தெருவில் மஞ்சத்தண்ணியாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கோணங்கியின் 'மதினிமார்கள் கதை' படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தக் கரிசல் கிராமத்துப் பையனுக்கு ஊரெல்லாம் மதினிகள். ஏக்கம் இருக்கிறது, ரகசியம் இல்லை.

இதற்கு நேர் எதிராக, ஏட்டில் அண்ணியைத் தெய்வமாக்கியும் வைத்திருக்கிறோம். காரணம் ராமாயணம். வால்மீகியில் லட்சுமணனுக்குச் சீதையின் காதணியும் தோள்வளையும் அடையாளம் தெரியவில்லை. தினமும் கால் தொட்டு வணங்கியதால் சிலம்பு மட்டும் தெரிகிறது. ஆனால் அதே வால்மீகியில், மாரீசன் குரல் கேட்டுப் பதறிய சீதை, நீ என்னை அடையத்தான் அண்ணனைக் காப்பாற்றப் போகாமல் நிற்கிறாய் என்று லட்சுமணனைப் பார்த்தே சொல்லிவிடுகிறாள். கம்பர் இந்த இடத்துக்கு வந்ததும் அந்தக் குற்றச்சாட்டை எடுத்துவிட்டார். அவருடைய சீதை கோபப்படுகிறாள், தீயில் விழுவேன் என்கிறாள், அதோடு சரி. வால்மீகி எழுதத் தயங்காததைக் கம்பர் ஏன் விட்டார்? அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்த தமிழ்ச் சபை அதைத் தாங்காது என்று நினைத்திருக்கலாம். தெருவில் கேலி பேசலாம், காப்பியத்தில் கூடாது!

நம் நாட்டார் கதையில் அண்ணி வருவது இன்னும் வேறு கோணத்தில். நல்லதங்காள் கதை தெரியாத தமிழ் வீடு உண்டா? பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி அடுப்பெரிக்க ஈர விறகைக் கொடுத்து விரட்டுகிறாள். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. இந்தக் கதையில் கொழுந்தன் எங்கே? இல்லவே இல்லை. வங்காளத்தில் அண்ணியைப் பார்க்கும் கண் தம்பியுடையது, இங்கே தங்கையுடையது. நமக்கு அண்ணன் தங்கை பாசம்தான் அச்சு. தாய்மாமன் சீர் இல்லாமல் காதுகுத்தா? 'பாசமலர்' (1961) ஓடிய ஓட்டம் தெரியும்தானே. அண்ணி என்பவள் அந்தப் பாசத்தின் குறுக்கே வந்தவள், அல்லது குறுக்கே வராத உத்தமி. அவளுக்கு மூன்றாவது வேஷம் கொடுக்கவே இல்லை.

வங்காளக் கதைகள் தமிழுக்கு வராமலும் இல்லை. த.நா.குமாரசாமியும் அவர் தம்பி சேனாபதியும் நேரடியாக வங்காளியிலிருந்தே மொழிபெயர்த்தார்கள். அ.கி.ஜயராமன் சரத் சந்திரரைக் கொண்டுவந்தார். ஒரு தலைமுறையே அதைப் படித்து அழுதது. சரத் சந்திரரின் 'நிஷ்கிருதி'தான் ஆதுர்த்தி சுப்பாராவ் கையில் 1957ல் தெலுங்கிலும், தமிழில் 'எங்க வீட்டு மகாலட்சுமி'யாகவும் படமானது. கவனித்தீர்களா, எடுத்துக்கொண்டது ஓரகத்திகளின் கூட்டுக்குடும்பக் கதையை. சாருவையும் அமலையும் யாரும் தொடவில்லை. சுங்கச்சாவடி வைத்துத் தாய் அண்ணியை மட்டும் உள்ளே விட்ட மாதிரி இருக்கிறது.

அந்தத் தாய் அண்ணி இன்றுவரை நன்றாகவே இருக்கிறாள். 'ஆனந்தம்' (2001) படத்தில் தேவயானி. பாலசந்தரின் மின்பிம்பங்கள் 'அண்ணி' என்ற பெயரிலேயே சீரியல் எடுத்தது. 2018 முதல் 2023 வரை விஜய் டிவியில் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தனம் அண்ணி, கொழுந்தன்களுக்காகத் தனக்குக் குழந்தையே வேண்டாம் என்று இருந்தாள். அது தெலுங்கு, இந்தி என்று பல மொழிக்குப் போனது, வங்காளிக்கும் போனது. நாம் வடிகட்டி எடுத்ததை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம்!

இன்னொரு அண்ணியும் இருக்கிறாள், சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். தேடுபொறியில் அந்த மூன்றெழுத்தைத் தட்டினால் வந்து விழும் குப்பை. வடக்கில் 'பாபி' என்ற சொல்லுக்கும் அதே கதி. 2008ல் தொடங்கிய ஓர் ஆபாசக் கார்ட்டூன் தொடரை 2009ல் மத்திய அரசு தடுத்தது, அதனால் அதன் புகழ்தான் கூடியது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒரு சொல் கெட்டால் அந்தச் சொல்லால் அழைக்கப்படுகிற பெண் எங்கே போவாள்?

இது எனக்கு வெறும் புத்தக விஷயம் இல்லை. பெரம்பலூர் அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் முந்திரியும் போதாமல் வளைகுடாவுக்குப் போனவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. என் அண்ணனும் அங்கேதான். கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் கிளம்பினான். அண்ணி சொந்தம் இல்லை. ஜாதகம் பார்த்துத் தரகர் மூலம் வந்த வெளி மாவட்டத்துப் பெண். எங்கள் வீட்டில் மாமன் மகளைக் கட்டாத முதல் கல்யாணம் இது, படித்தவர்கள் என்பதால். நல்ல முடிவுதான். ஆனால் அண்ணியை மூக்கு ஒழுகிய வயதில் பார்த்தவர் இந்த வீட்டில் யாரும் இல்லை. மஞ்சத்தண்ணி ஊற்றும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணனோ வாட்ஸப்பில் இரவு பத்து மணிக்கு வருகிறான். வீட்டில் என் வயதுக்குப் பக்கத்தில் இருப்பது அவர் ஒருவர்தான். கணவன் தூரத்தில், அண்ணி அந்நியம், கொழுந்தன் பக்கத்தில். எனக்குத் தெரியாமல் எங்கள் வீடு ஜொராசாங்கோ கணக்குக்குப் போய்விட்டிருக்கிறது!

அண்ணி தபாலில் எம்.ஏ. படிக்கிறார். டவுன் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வருவது என் வேலை. மூன்றாவது தடவை புத்தகப் பையோடு வந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி, "தம்பிக்கு அண்ணி மேல ரொம்பத்தான் அக்கறை" என்றது. மாமன் மகளாக இருந்திருந்தால் அதே வாக்கியம் கேலி. இப்போது அது கேலி இல்லை. அதிலிருந்து அண்ணி புத்தகம் வேண்டும் என்று என்னிடம் கேட்பதில்லை, அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறார். நானும் அம்மாவிடம்தான் கொடுக்கிறேன். ஒரு புத்தகம் பத்தடி தூரம் போக இரண்டு கை மாறுகிறது. 1868ல் கூட நேராகக் கொடுத்திருப்பார்கள்.

இதை எழுதுவதற்காக நஷ்டநீட் கதையை ஒருநாள் திண்ணையில், அம்மாவும் இருக்கும்போதே, அண்ணிக்குச் சொன்னேன். சாரு, அமல், பூபதி எல்லாம் சொன்னேன். நடுவில் சாருவின் அண்ணன் உமாபதி, பூபதியின் பத்திரிகைப் பணத்தில் கைவைத்து ஏமாற்றுவதையும் போகிறபோக்கில் சொன்னேன். கதை முடிந்தது. அமலைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டே அண்ணி கேட்டார்: "அந்த அண்ணங்காரன் காசை அடிச்சிட்டுப் போயிட்டான் சரி. அதுக்கப்புறம் அந்த வீட்ல சாரு எப்படித் தலை நிமிர்ந்து நடந்தாளாம்?"

அம்மா, "அதானே" என்றார்.